ஜெர்மனியில் இளையோர் ஜெர்மன் வகுப்பு: மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் ஜெர்மன் படிக்கும் பள்ளி மாணவர்களும், அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய அம்மா அப்பாக்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பதினோராம் வகுப்புப் படித்தபோது, ஆகஸ்ட் மாதத்தில் மூன்று வாரம் சாங்க்ட் பிளாசியன் என்ற சிற்றூரில் இளையோருக்கான ஜெர்மன் வகுப்பில் இருந்தேன். ஷ்வார்ட்ஸ்வால்ட் என்ற மலைக்காட்டின் தென்கோடியில், சுவிட்சர்லாந்து எல்லைக்கு அருகே இருக்கிறது அந்த ஊர். பிளாக் ஃபாரஸ்ட் கேக்கின் பெயரில் வரும் காடு அதுதான். விசா கட்டணம், விதிமுறைகள் போன்றவை மாறக்கூடியவை என்பதால் விண்ணப்பிக்கும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இது சுற்றுலாவா, வகுப்பா?

வகுப்புதான். வாரத்துக்கு 20 முதல் 24 பாடவேளைகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம். மீதி நேரத்துக்கு விளையாட்டு, மலைநடை, பட்டறைகள், ஊர் சுற்றல் எல்லாம் உண்டு. தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு, மேற்பார்வை எல்லாம் சேர்ந்ததுதான் கட்டணம். ஜெர்மனியில் பள்ளிகள் கோடை விடுமுறையில் மூடியிருக்கும்போது, காலியாக இருக்கும் உறைவிடப் பள்ளிகளிலும் இளையோர் விடுதிகளிலும் இப்படிப்பட்ட வகுப்புகள் நடக்கின்றன. நாங்கள் தங்கிய இடத்தின் ஜன்னலிலிருந்து பார்த்தால் ஊரின் பெரிய தேவாலயத்தின் குவிமாடம் தெரியும். 1783இல் அர்ப்பணிக்கப்பட்ட கட்டடம். குவிமாடத்தின் குறுக்களவு 36 மீட்டர். அவ்வளவு சின்ன ஊருக்கு அவ்வளவு பெரிய குவிமாடமா என்று வந்த எல்லாருமே முதல் நாள் வாய் பிளந்து நின்றோம்.

எவ்வளவு ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும்?

எதுவும் தெரியாமலும் சேரலாம், அதற்கும் வகுப்பு வைக்கிறார்கள். ஆனால் என்னைக் கேட்டால், ஏ1, ஏ2, பி1 என்று ஏறும் மொழி நிலைகளில் இரண்டாவதான ஏ2 முடிக்காமல் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஏ1 பாடம் சென்னையிலும் அதே பாடம்தான். அதை அங்கே போய் யூரோ கொடுத்துப் படிக்க வேண்டியதில்லை. கடந்த காலத்தில் நாலு வாக்கியம் தட்டுத்தடுமாறியாவது பேச வந்துவிட்டால், அங்கே கழியும் ஒவ்வொரு மணி நேரமும் காசுக்கு ஈடாகும். காலையில் நடந்ததை மாலையில் இன்னொருவரிடம் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் நீங்கள் தயார்.

ஏ1, ஏ2 நிலைகளில் 10 முதல் 16 வயதுக்காரர்களுக்கென்றே 'ஃபிட் இன் டாய்ச்' என்ற தேர்வுகள் உண்டு. இரண்டாவதை எழுதி முடித்துவிட்டுக் கிளம்புவது நல்ல திட்டம். எந்தச் சான்றிதழோடு போனாலும் அங்கே முதல் நாள் ஒரு தேர்வும் சின்ன உரையாடலும் வைத்துத்தான் பிரிவு ஒதுக்குவார்கள்.

எங்கள் பள்ளியில் ஜெர்மன் இல்லையே?

சென்னையில் ஜெர்மன் கற்றுத்தரும் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது. உலகமெங்கும் கோதே நிறுவனம் என்று அழைக்கப்படுவதற்கு இந்தியாவில் மட்டும் இந்தப் பெயர். 1823இல் டெசாவ் நகரில் பிறந்து ரிக்வேதத்தைப் பதிப்பித்த அறிஞரின் நினைவாக வைத்தது. கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் 2011 ஒப்பந்தத்தின் பேரில் மூன்றாம் மொழியாக ஜெர்மன் நுழைந்தது. 2014 நவம்பரில் அந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது. நடுவாண்டில் மொழி மாறிய அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். தொடங்கியதை விடாமல் வெளியே போய்ப் படித்தவர்களும் இருந்தார்கள்.

நமக்கு விடுமுறை ஏப்ரல், மே. அவர்கள் வகுப்பு ஜூலை, ஆகஸ்ட். பள்ளியில் என்ன சொல்வது?

இதுதான் நம் பக்கத்துப் பெரிய சிக்கல். சாங்க்ட் பிளாசியன் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் பள்ளி விடுமுறை ஜூலை கடைசியில்தான் தொடங்குகிறது. அதாவது நமக்குக் காலாண்டுத் தேர்வு நெருங்கும் நேரம். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் போவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஒன்பதும் பதினொன்றும் சரியான வகுப்புகள். பள்ளியிடம் இரண்டு மாதம் முன்பே எழுதிக் கொடுத்து, விடுப்புக்கு அனுமதிக் கடிதம் வாங்கிவிடுங்கள். அந்தக் கடிதம் விசாவுக்கும் வேண்டும். திரும்பி வந்து படிக்கப்போகிற பிள்ளை என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

செலவு எவ்வளவு? உதவித்தொகை உண்டா?

மூன்று வாரத்துக்குக் கட்டணம் மட்டுமே ஆயிரக்கணக்கான யூரோவில் வரும். அதற்கு மேல் விமானம், விசா, காப்பீடு, கைச்செலவு. கடன் வாங்கி அனுப்பும் அளவுக்கு இது அவசியமான படிப்பு கிடையாது. இதை நான் தயங்காமல் சொல்கிறேன், ஏனென்றால் பிள்ளை ஆசைப்படுகிறாள் என்று நகையை அடகு வைக்கலாமா என்று என்னிடம் கேட்ட அம்மா உண்டு.

உதவித்தொகைக்கு முக்கியமான வழி 'பாஷ்'. ஜெர்மன் வெளியுறவு அமைச்சகம் 2008இல் தொடங்கிய பள்ளிக் கூட்டமைப்பு அது. உலகம் முழுவதும் ஏறத்தாழ 2,000 பள்ளிகள் அதில் இருக்கின்றன, இந்தியப் பள்ளிகளும் உண்டு. அந்தப் பள்ளிகளில் தேர்ந்தெடுக்கப்படும் சில மாணவர்களுக்கு ஜெர்மனியில் இளையோர் வகுப்புக்கு உதவித்தொகை கிடைக்கிறது. உங்கள் பள்ளி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஜெர்மன் டீச்சரிடம் கேளுங்கள். இருந்தால், மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல் வகுப்பில் வாய் திறந்து பேசுங்கள். உங்கள் பெயரைச் சொல்லப்போவது அந்த டீச்சர்தான்.

விசாவுக்கு என்னென்ன வேண்டும்?

90 நாளுக்குள் திரும்புவதால் ஷெங்கன் (ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான) குறுகிய கால விசா போதும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். 15 நாள் என்பதைச் சட்டத்தின் வரியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் நேரம் கிடைப்பதே கஷ்டம். ஆகஸ்ட் பயணத்துக்கு மே மாதமே விண்ணப்பம் போய்விட வேண்டும்.

கட்டணம் 2024 ஜூன் முதல் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழும், அப்பா அம்மா இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் வேண்டும். அப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கும் வீடுகளில் இந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் கடைசி வாரத்தில் ஓடுவார்கள். அதை முதலில் வாங்குங்கள். 12 வயது ஆகிவிட்டால் கைரேகை கொடுக்கப் பிள்ளை நேரில் போக வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் வேறு எழுத்து, இனிஷியல் ஒன்றில் விரிவாக, இன்னொன்றில் சுருக்கமாக என்று இருப்பது தமிழ்நாட்டுப் பெயர்களுக்கு வழக்கமான தொல்லை. அதை நான்கு மாதம் முன்பே கவனியுங்கள்.

பிள்ளை தனியாக விமானத்தில் போக முடியுமா?

முடியும். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேரடி விமானம் இருக்கிறது. நடுவில் மாற வேண்டாம் என்பதே பாதி நிம்மதி. தனியாகப் பறக்கும் சிறுவர்களுக்கான சேவையின் வயது வரம்பு விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். விமான நிலையத்திலிருந்து வகுப்பு நடக்கும் இடம்வரை அழைத்துப் போகும் ஏற்பாட்டைப் பல வகுப்புகளில் தனிக் கட்டணத்துக்குத் தருகிறார்கள். அதை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

ஏழரைக்குச் சாப்பாட்டு மணி. ரொட்டி, வெண்ணெய், ஜாம், சீஸ், தயிர். ஒன்பதிலிருந்து பகல் சாப்பாடு வரை வகுப்பு. சாப்பிட்டதும் கொஞ்சம் ஓய்வு. பிறகு பட்டறை: நாடகம், வீடியோ, கால்பந்து, சமையல் என்று ஒன்றை வாரத்துக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கலாம். ஆறு மணிக்கெல்லாம் இரவுச் சாப்பாடு. அதன் பிறகு பாட்டு, விளையாட்டு, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மாலை நிகழ்ச்சி. பத்து மணிக்கு அவரவர் அறையில் இருக்க வேண்டும்.

மாலை எட்டரைக்கும் வெளிச்சம் இருப்பதால் முதல் சில நாள் பிள்ளைகளுக்குத் தூக்கம் வராது. நம் நேரத்தைவிட அங்கே கோடையில் மூன்றரை மணி நேரம் பின்னால். அதனால் விடிகாலை நாலு மணிக்கே விழிப்பு வேறு வந்துவிடும். மூன்றாம் நாள் சரியாகிவிடும்.

வகுப்பில் புதிதாக என்ன சொல்லித் தருகிறார்கள்?

இலக்கணம் கொஞ்சம்தான். ஆசிரியர் ஒரு தாளைக் கொடுத்து வெளியே அனுப்புவார்: ஊர்ச் சதுக்கத்தில் மூன்று பேரிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டு வாருங்கள், பேக்கரியில் ஒரு ரொட்டியின் பெயரும் அதில் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்துகொண்டு வாருங்கள் என்று. திரும்பி வந்து அதைப் பலகையில் எழுத வேண்டும், அதிலிருந்து இலக்கணம் பேசுவார். புத்தகத்தைத் திறந்த நேரத்தைவிடக் கத்தரிக்கோலும் பசையும் கையில் இருந்த நேரம் அதிகம். நம் ஊர் டியூஷன் பழக்கத்தில் போகிறவர்களுக்கு முதல் வாரம் இது நேர விரயமாகத் தெரியும். நோட்டு நிறையவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

எல்லாரும் ஆங்கிலத்தில் பேசிவிட மாட்டார்களா?

பேசத்தான் பார்ப்பார்கள். இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

இந்திய மாணவர்களுக்கு ஆங்கிலம் சரளமாக வரும். அதுவே நமக்குப் பெரிய இடைஞ்சல். வார்த்தை கிடைக்காத நொடியில் ஆங்கிலம் வந்து விழுந்துவிடும், எதிரில் இருப்பவருக்கும் புரிந்துவிடும், அதோடு அந்த ஜெர்மன் வாக்கியம் பிறக்காமலே போய்விடும். இத்தாலியப் பிள்ளைகள் கூட்டமாக வந்தால் அவர்களுக்குள் இத்தாலியன்தான். ஆக, வகுப்பு முடிந்த பிறகு ஜெர்மன் பேச யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தப் போவதில்லை. ஆங்கிலம் அதிகம் தெரியாதவரைத் தேடிப் பிடியுங்கள்.

எனக்கு அது அறையிலேயே கிடைத்தது. ஒருத்தி ஜார்ஜியாவிலிருந்து வந்தவள். ரஷ்யனும் ஜெர்மனும் தெரியும், ஆங்கிலம் ஏறக்குறைய இல்லை. இன்னொருத்தி இத்தாலியின் வடக்கு மலைப்பகுதியைச் சேர்ந்தவள். எங்களுக்குள் தினமும் ஜன்னல் சண்டை. மலையூரில் ஆகஸ்ட் இரவு எனக்கு மார்கழியைவிடக் குளிர். அவளுக்கோ ஜன்னல் திறந்தால்தான் தூக்கம் வரும். மூடு என்று முதல் நாள் சொல்லத் தெரிந்தது. ஏன் என்று அவள் கேட்டாள். அதற்கு 'வைல்' (ஏனென்றால்) என்று தொடங்கி வினைச்சொல்லைக் கடைசியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். மறுநாள், நீ தூங்கிய பிறகு நான் திறக்கிறேன் என்றாள். அதற்கு நான், அப்படியானால் உன் போர்வையையும் எனக்குக் கொடு என்றேன். ஜார்ஜியப் பெண் நடுவராக உட்கார்ந்து, பாதி திறக்கலாம், பதினொரு மணிக்கு மூடிவிட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னாள். ஜெர்மன் ஜன்னல்களின் பிடியை மேல்நோக்கித் திருப்பினால் மேல்பக்கம் மட்டும் சாய்ந்து திறக்கும். அதற்கென்று ஒரு வினைச்சொல்லே இருக்கிறது, அன்று கற்றுக்கொண்டோம். 'ஆகையால்', 'ஆனாலும்', 'இல்லையென்றால்' எல்லாம் அந்த ஜன்னலடியில் என் வாயில் உட்கார்ந்தவை. சென்னையில் அவற்றுக்கு நான் கோடிட்ட இடம் நிரப்பி முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன், ஆனால் பேச்சில் ஒருமுறைகூட வந்ததில்லை.

அதனால்தான் பெற்றோரிடம் மறுபடி மறுபடி சொல்கிறேன்: ஒரே பள்ளித் தோழிகள் இருவரை ஒரே அறையில் போடச் சொல்லி எழுதிக் கேட்காதீர்கள். பிள்ளைக்குத் துணை என்று நினைத்துச் செய்வீர்கள், மூன்று வாரமும் தமிழிலேயே போய்விடும்.

தமிழ் தாய்மொழியாக இருப்பது உதவுமா?

நிறையவே, ஆனால் யாரும் சொல்லித் தருவதில்லை. சென்னையில் ஜெர்மனை நமக்கு ஆங்கிலம் வழியாகத்தான் கற்பிக்கிறார்கள். அதனால் ஆங்கிலத்துக்கு வரும் குழப்பமெல்லாம் நமக்கும் வருகிறது. 'எனக்குக் குளிருது' என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்கிறோம். ஜெர்மனிலும் அப்படியே, 'மிர் இஸ்ட் கால்ட்'. ஆங்கிலம் பேசுகிறவர்கள் 'நான் குளிர்' என்ற பொருளில் சொல்லிவிட்டுத் திருத்தப்படுவார்கள். 'எனக்குப் பிடிச்சிருக்கு', 'எனக்குக் கால் வலிக்குது' இவையும் அதே அமைப்பு. 'அவர் நாளைக்கு வருவார் என்று' என வினை முடிவில் நிற்பது நமக்கு இயல்பு. ஜெர்மன் துணைவாக்கியங்களில் அதுதான் விதி. நீ, நீங்கள் வேறுபாடு ஜெர்மனிலும் உண்டு, 'டூ', 'ஸீ' என்று. எங்கள் மேற்பார்வையாளர்களை நாங்கள் 'டூ' என்றே அழைத்தோம். அண்ணா அக்கா வயதுக்காரர்களை அப்படி அழைக்க எனக்குத்தான் கொஞ்ச நாள் நாக்கு கூசியது. கடைக்காரரிடமும் வழியில் பார்க்கும் பெரியவர்களிடமும் 'ஸீ'தான்.

பால் வேறுபாட்டில் தமிழ் உதவாது. நமக்கு உயர்திணை, அஃறிணை என்று பொருளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அவர்களுக்குக் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி அஃறிணை. சாப்பாட்டு மேசை ஒழுங்குபடுத்தும் முறை எங்கள் குழுவுக்கு வரும்போதெல்லாம் 'டெர் லோஃபல், டீ காபல், டஸ் மெஸ்ஸர்' என்று சொல்லிக்கொண்டே அடுக்கினோம்.

ஒலிகளில் ஒரு எச்சரிக்கை. ஜெர்மன் சொற்களின் உச்சரிப்பை நோட்டில் தமிழ் எழுத்தில் குறித்து வைக்காதீர்கள். தோட்டத்துக்கான சொல்லும் சீட்டுகளுக்கான சொல்லும் தமிழில் எழுதினால் இரண்டும் 'கார்ட்டன்'. முதல் ஒலி வேறு என்பது எழுத்தில் தெரியாது. அப்படிக் குறித்துப் படித்தவர்களைப் பேச்சில் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு புள்ளி வைத்த யூ ஒலிக்கு, 'ஊ' சொல்ல உதட்டைக் குவித்துக்கொண்டு, குவித்தது குவித்தபடி 'ஈ' என்று சொல்லிப் பாருங்கள். சரியாக வரும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன கிடைக்கும்?

விண்ணப்பத்திலேயே சைவம் என்று குறிக்கலாம், அதற்குத் தனித் தட்டு வரும். ஜெர்மனியில் இப்போது சைவ உணவுக்காரர்கள் நிறையப் பேர், யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. ஆனால் தட்டில் மாமிசத் துண்டு இல்லை என்பதற்காக அது சைவம் ஆகிவிடாது. தென்ஜெர்மனியில் உருளைக்கிழங்கு சாலட்டில் மாமிசச் சாறு ஊற்றுவது வழக்கம். மவுல்டாஷன் என்ற கொழுக்கட்டை மாதிரியான பண்டத்தில் பெரும்பாலும் உள்ளே இறைச்சி. கடையில் வாங்கும் கம்மி மிட்டாய்களில் பலவற்றில் ஜெலட்டின், அது விலங்கிலிருந்து எடுப்பது. ஊருக்கே பெயர் வாங்கித் தந்த ஷ்வார்ட்ஸ்வால்ட் செர்ரி கேக்கில் கிர்ஷ்வாசர் என்ற செர்ரிச் சாராயம் சேர்க்கிறார்கள். நம் பேக்கரி கேக் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். முட்டையும் சாப்பிடாதவர்கள் அதைத் தனியாக எழுத வேண்டும், அங்கே சைவத்தில் முட்டை உண்டு.

நம்பிச் சாப்பிடக் கூடியவை: கேசஷ்பெட்ஸ்லே என்ற சீஸ் போட்ட மாவு நூடுல்ஸ் (இதில் முட்டை இருக்கும்), காய்கறி சூப், பழம், க்வார்க் என்ற கெட்டித் தயிர் போன்ற பால்பொருள். இரவில் பெரும்பாலும் சூடான சாப்பாடு வராது, ரொட்டியும் சீஸும் சாலடும்தான். பிள்ளைக்கு அது முதலில் பட்டினி மாதிரித் தோன்றும். பருப்புப் பொடி, ஒரு சின்ன ஊறுகாய் பாட்டில் பெட்டியில் வையுங்கள். என் பருப்புப் பொடியை ஜார்ஜியத் தோழி ரொட்டியில் வெண்ணெய் தடவி அதன்மேல் தூவிச் சாப்பிட்டுப் பாதியை முடித்துவிட்டாள்.

குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம். கடையில் வாங்கும் தண்ணீர் பெரும்பாலும் சோடா. பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் பிடிப்பார்கள், காலி பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும்.

பெண் பிள்ளையை அனுப்பலாமா?

அனுப்பலாம். மாடிகள் தனித்தனி, இரவில் மேற்பார்வையாளர் அதே மாடியில் இருப்பார். வெளியே போகும்போது பெயர் எழுதிவிட்டு, குறைந்தது மூன்று பேராகப் போக வேண்டும். ஜெர்மன் சட்டப்படி 16 வயதானவர்கள் பீர், ஒயின் வாங்கலாம் என்பதைக் கேட்டுப் பல அப்பாக்கள் பதறுகிறார்கள். எங்கள் வகுப்பில் யாருக்கும், எந்த வயதிலும் மது கூடாது. மீறினால் சொந்தச் செலவில் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று முதலிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

போன் வைத்துக்கொள்ளலாமா? தினமும் பேசலாமா?

போன் வைத்துக்கொள்ளலாம். எங்கள் வகுப்பில் இரவு பத்து மணிக்கு வாங்கி வைத்துவிடுவார்கள். தினமும் பேச வேண்டாம், அம்மாக்களே. வாரத்துக்கு இரண்டு முறை, அங்கே பகல் சாப்பாடு முடிந்த நேரத்தில், அதாவது இங்கே மாலை ஐந்து மணிவாக்கில் பேசுங்கள். இரவில் பேசினால் பிள்ளை அழும், நீங்களும் அழுவீர்கள்.

வீட்டு ஞாபகம் வந்து அழுதால்?

வரும். மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை கொஞ்சம் கடுமையாக இருக்கும். எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் அதே நாட்களில்தான் வந்தது. கழிப்பறையில் அழுதுவிட்டு வெளியே வந்தால் முகம் கழுவும் இடத்தில் இன்னொருத்தி அழுதுகொண்டிருப்பாள். மேற்பார்வையாளர்களுக்கு இது பழக்கம், நேராகப் போய்ச் சொல்லலாம். ஜெர்மனில்தான் சொல்ல வேண்டும் என்றில்லை.

பெட்டியில் என்ன வைக்க வேண்டும்?

மழைக்கோட்டு, ஒரு கம்பளிச் சட்டை, மலைநடைக்குப் பிடிப்பான ஷூ, அறைக்குள் போட ஒரு செருப்பு. நம் மூன்று முனைப் பிளக் அங்கே ஏறாது, அடாப்டர் வேண்டும். கைச்செலவுக்கு வாரம் 30 முதல் 50 யூரோ போதும், அதில் பாதியைச் சில்லறைத் தாள்களாக வையுங்கள். சின்ன ஊர்களில் பணமாகக் கேட்கும் கடைகள் உண்டு. ஞாயிறு அன்று கடைகள் மூடியிருக்கும், வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும்.

வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை மருத்துவரின் சீட்டோடு வையுங்கள். ஜெர்மனியில் பல சாதாரண மருந்துகள்கூடச் சீட்டு இல்லாமல் கிடைக்காது.

காட்டில் பூச்சி, பாம்பு பயம் உண்டா?

கவனிக்க வேண்டியது உண்ணி. பாடன்-வூர்ட்டம்பெர்க்கின் ஏறக்குறைய முழுப் பகுதியும் உண்ணி வழியாக மூளைக்காய்ச்சல் பரவும் ஆபத்துப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. தடுப்பூசி இருக்கிறது, போவதற்கு முன் மருத்துவரிடம் பேசுங்கள். புல்வெளியில் நடக்கும்போது நீளக் கால்சட்டை போட்டு, அதன் நுனியைக் காலுறைக்குள் விட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடி எல்லாம் பார்க்கச் சொல்வார்கள். நீளமாகப் பின்னல் போடும் நம் பெண்கள் தலையை இன்னொருவரிடம் காட்டிப் பார்க்கச் சொல்வது நல்லது.

எங்கெல்லாம் கூட்டிப் போவார்கள்?

எங்களுக்கு முக்கியமான நாள் ஃப்ரைபூர்க் நகரத்துக்குப் போன நாள். பேருந்தில் ஷ்லூக்ஸே ஏரிக்கரை வரை, அங்கே ஸேப்ரூக் நிலையத்தில் ரயில் ஏறி டிட்டிஸே வழியாக இறங்க வேண்டும். மலையிடுக்கில் அந்த ரயில் இறங்கும் இடத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட வாய் மூடி வெளியே பார்த்தார்கள்.

ஃப்ரைபூர்க் பேராலயக் கோபுரம் 116 மீட்டர். 1944 நவம்பர் 27 இரவு குண்டுவீச்சில் அதைச் சுற்றியிருந்த பழைய நகரம் நொறுங்கியும் கோபுரம் நின்றது. தெருக்களின் ஓரமாகக் கையகல வாய்க்கால்களில் தெளிந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். தவறி அதில் கால் வைத்தால் அந்த ஊர்க்காரரைத்தான் கட்டிக்கொள்வீர்கள் என்று சொல்வழக்கு. பேராலயத்தைச் சுற்றி காலையில் சந்தை. எங்கள் வகுப்புக்கு அங்கேதான் பணி கொடுத்தார்கள்: ஒரு விவசாயியிடம் பேசி, அவர் எந்த ஊர், அவர் விற்பதில் எது இந்த வாரம்தான் வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நான் போய் நின்ற கடையில் ஒரு பாட்டி மஞ்சள் பிளம் பழம் விற்றுக்கொண்டிருந்தார். நான் தயார் செய்து வைத்திருந்த கேள்வியை முடிப்பதற்குள் ஒரு பழத்தைக் கையில் கொடுத்து, தின்று பார்த்துவிட்டுப் பேசு என்றார். அவர் சொன்னதில் பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியைச் சென்னையில் எந்த ஒலிப்பதிவைக் கேட்டும் நான் புரிந்துகொண்டிருக்க மாட்டேன்.

ஊர்க்காரர்கள் பேசுவது புரியுமா?

முதலில் புரியாது. அந்தப் பகுதியில் அலெமானிக் வட்டாரப் பேச்சு. மதுரைப் பேச்சும் நாகர்கோவில் பேச்சும் புத்தகத் தமிழிலிருந்து விலகி நிற்கிற மாதிரிதான். நீங்கள் வெளியூர் என்று தெரிந்ததும் பெரும்பாலோர் பொதுப் பேச்சுக்கு மாறிவிடுவார்கள். மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

நிறம் பார்த்து நடத்துவார்களா?

வகுப்புக்குள் எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. சின்ன ஊரில் வயதானவர்கள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார்கள், வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் வந்துவிடும். யாராவது மனம் நோகப் பேசினால் அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்து சொல்லலாம் என்று வைக்காதீர்கள்.

கடைசியில் கிடைக்கும் சான்றிதழ் மேற்படிப்புக்கு ஆகுமா?

ஆகாது. அது கலந்துகொண்டதற்கான சான்று. தேர்வுச் சான்றிதழ் தனி. ஜெர்மன் மொழியில் பட்டப்படிப்புச் சேர டெஸ்ட்டாஃப், டி.எஸ்.ஹெச். போன்ற உயர்நிலைத் தேர்வுகள் வேண்டும். நம் பன்னிரண்டாம் வகுப்பை மட்டும் வைத்துக்கொண்டு நேராகச் சேர முடியாதவர்கள் ஸ்டூடியன்கோலெக் என்ற ஓராண்டு முன்தயாரிப்பும் படிக்க வேண்டியிருக்கும். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் இதே பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 2017 குளிர்காலப் பருவம் முதல் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். இலவசம் என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையை ஜெர்மன் படிக்கத் தள்ளுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று வாரத்தில் எவ்வளவு வரும்?

நிலையில் பெரிய தாவல் இருக்காது. ஏ2விலிருந்து போனவர் பி1 ஆகித் திரும்புவார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சொற்கள் கூடும், காது திறக்கும், தெரியாத ஒருவரிடம் போய் முதல் வாக்கியத்தைத் தொடங்கத் தயக்கம் போகும். பிழையோடு பேசினாலும் எதிரில் இருப்பவர் புரிந்துகொண்டு பதில் சொல்கிறார் என்பதை உடம்பு நம்பத் தொடங்கும். என் தங்கை போவதாக இருந்தாலும் இதற்காகத்தான் அனுப்புவேன்.

திரும்பி வந்தபின் மறந்துவிடாதா?

விட்டால் மறந்துவிடும், அதுவும் வேகமாக. வந்ததும் காலாண்டுத் தேர்வு இருப்பதால் ஜெர்மனை அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கத் தோன்றும். தினமும் பத்து நிமிடம் போதும். டாய்ச்ச வெல்லே ஒலிபரப்பு மெதுவாக வாசிக்கும் செய்திகளை இலவசமாகத் தருகிறது. கேட்டுவிட்டு இரண்டு வாக்கியத்தை உரக்கத் திருப்பிச் சொல்லுங்கள். அறைத்தோழியோடு எழுதுவதை ஜெர்மனிலேயே வைத்துக்கொள்ளுங்கள், குரல் செய்தியாக அனுப்பினால் இன்னும் நல்லது. பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள் உண்டு. தனித்தனியாகவும் எழுதலாம், ஒவ்வொன்றிலும் 60 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. பேசும் பகுதியையும் கேட்கும் பகுதியையும் அந்த ஆண்டு முடிவதற்குள் முடித்துவிடுங்கள். எழுத்துப் பகுதியை ஆண்டுத் தேர்வு முடிந்த பிறகு, ஏப்ரல் விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம்.